மாமா கேட்கச் சொன்ன கேள்வி

என் மாமா அமெரிக்காவைப் பார்த்ததில்லை. பேஸ்பால் மட்டையைத் தொட்டுப் பார்த்ததுகூட இல்லை. ஆனாலும் அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருக்கும் ஒரு பேஸ்பால் அணி தோற்றுவிட்டால், குவைத்தில், ஃபஹாஹீலில் இருந்த எங்கள் வீட்டில் அன்று காலை யாரும் சத்தமாகப் பேசக் கூடாது. அந்த அணியின் பெயரை இங்கே சொல்ல மாட்டேன். வெளியாட்களிடம் சொல்ல மாமா எனக்கு அனுமதி தந்ததில்லை. "தோத்தவன் பேர ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியணுமாட்டி?" என்பார்.

மாமா அம்மாவின் தம்பி. தூத்துக்குடிக்காரர். எண்ணெய் வயலில் வேலை எடுத்திருந்த ஒரு கம்பெனியில் வெல்டிங் இன்ஸ்பெக்டர். அப்போது கல்யாணம் ஆகாததால் எங்கள் ஃபிளாட்டின் ஹாலில்தான் அவருக்குப் படுக்கை. அம்மா கிளினிக்கில் நர்ஸ், அப்பா ஏ.சி. டெக்னீஷியன். நான் ஒரே பிள்ளை.

பேஸ்பால் அவரைப் பிடித்த கதை வேடிக்கையானது. குவைத்துக்கு வந்த புதிதில், ஊருக்குத் திரும்பிப்போன ஓர் அமெரிக்க என்ஜினியர் தன் பழைய தொப்பியை சைட் ஆபீசில் விட்டுப் போயிருந்தார். வெயிலுக்கு ஆகும் என்று மாமா அதை எடுத்துப் போட்டுக்கொண்டார். அதில் தைத்திருந்த எழுத்து என்ன என்று அவர் யோசித்ததே இல்லை. ஒருநாள் கேன்டீனில் வேறொரு அமெரிக்கர் தொப்பியைப் பார்த்துவிட்டு அவர் தோளைத் தட்டி, நேற்று இப்படித் தோற்றுவிட்டோமே என்று துக்கம் விசாரித்திருக்கிறார். மாமாவும் ஒன்றும் புரியாமல், ஆமாம் சார், ரொம்ப வருத்தம் என்று சொல்லிவிட்டார். சொன்ன பொய் உறுத்தியிருக்கிறது. எதற்காக வருத்தப்பட்டோம் என்றாவது தெரிந்துகொள்வோம் என்று அன்று இன்டர்நெட்டைத் திறந்தவர்தான். அதற்கப்புறம் அவர் பட்ட வருத்தமெல்லாம் உண்மையான வருத்தம்.

அங்கே சாயங்காலம் தொடங்கும் ஆட்டம் எங்களுக்கு விடியற்காலை ஐந்து மணி. லேப்டாப்பை ஸ்டூலில் வைத்து, கையில் பால் விடாத கட்டஞ்சாயாவோடு மாமா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார். பள்ளிக்குக் கிளம்பும்வரை நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். அப்பாவுக்குக் கிரிக்கெட்தான். இதைக் கிட்டிப்புள் என்று கேலி செய்வார். அதற்கு மாமா, கிரிக்கெட் கல்யாண விருந்து, எப்போதாவதுதான் கிடைக்கும். இது தினசரிச் சோறு என்று பதில் சொல்வார். ஆறு மாதத்துக்கு அனேகமாக நாள்தோறும் ஓர் ஆட்டம். நேற்றுக் குழம்பு தீய்ந்துபோனது என்பதற்காக இன்று யாராவது சாப்பிடாமல் இருப்பார்களா?

இப்படி அவரிடம் நிறையச் சட்டங்கள் இருந்தன. அணியை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. அம்மா அப்பா மாதிரி, கிடைத்ததுதான். ஜெயிக்கிற அணிக்கு ரசிகனாக இருக்கக் கண் இருந்தால் போதும், தோற்கிற அணிக்குத்தான் நெஞ்சு வேண்டும். அணி ஜெயித்தால் 'அவங்க ஜெயிச்சாங்க' என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் விளையாடியது அவர்கள். தோற்றால் மட்டும் 'நாம தோத்தோம்'. வெற்றியில் பங்கு கேட்பவன் ரசிகன் இல்லையாம், விருந்தாளியாம். எல்லாவற்றுக்கும் மேலான சட்டம், அணியைத் திட்டும் உரிமை மாமாவுக்கு மட்டுமே உண்டு என்பது. அப்பா ஒருமுறை, "என்னப்பா, உங்க ஆளுங்க இன்னைக்கும் கோட்டை விட்டாங்களா?" என்று சிரித்ததற்கு மாமா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

எனக்கு எட்டு வயதில் அந்த ஆட்டம் நடந்தது. எனக்குப் பொன்னுக்கு வீங்கி கண்டு தாடை இரண்டும் பூரி மாதிரி உப்பியிருந்ததால் பள்ளி இல்லை. அன்று ஜெயித்தால் மாமாவின் அணி பல வருடங்களுக்குப் பிறகு அடுத்த கட்டத்துக்குப் போகும். ஆறரைக்குக் கம்பெனி பஸ் வந்து ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. மாமா அசையவில்லை. கடைசி இன்னிங்ஸ். எதிரணியில் இன்னும் ஒரே ஓர் ஆள் அவுட்டாக வேண்டும். அடித்த பந்து உயரே எழும்பி, மைதானத்தின் இடப்பக்கக் கோடியில் நின்ற ஆட்டக்காரரை நோக்கி நிதானமாக இறங்கியது. அவர் இரண்டடி கூட நகர வேண்டியிருக்கவில்லை. மாமா பாதி எழுந்து கைகளைத் தூக்கிவிட்டார். பந்து கையுறையின் விளிம்பில் பட்டு, வெளியே துள்ளி, புல்லில் விழுந்தது. அதற்குள் எதிரணியினர் இரண்டு பேர் ஓடி வந்து ரன் எடுத்து ஜெயித்துவிட்டார்கள். அவ்வளவுதான்.

மாமா தூக்கிய கைகளை இறக்கவே இல்லை. அம்மா வந்துதான் இறக்கிவிட்டாள். பஸ்ஸை விட்டதற்குக் கம்பெனியில் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். அதை மாமா மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். ஆனால் அந்த ஆட்டக்காரருக்கு மட்டும் அன்றே 'ஓட்டைக்கையன்' என்று பெயர் வைத்துவிட்டார். தோசை கல்லில் ஒட்டிக்கொண்டால் ஓட்டைக்கையன். லிஃப்ட் வராவிட்டால் ஓட்டைக்கையன். "தொட்டில் புள்ள புடிச்சிருக்கும்ட்டி அந்தப் பந்த" என்று பல் தேய்க்கும்போதுகூடச் சொல்வார்.

இரண்டு வருடம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை, மாமா டூட்டி முடிந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுக்களை வாசலில் நின்றார். ஓட்டைக்கையன் குவைத்துக்கு வருகிறானாம். ஓய்வு பெற்றுவிட்டு, ஊர் ஊராகப் போய்க் குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறானாம். ஓர் அமெரிக்கப் பள்ளி மைதானத்தில் அடுத்த வெள்ளிக்கு அடுத்த வெள்ளி காலை. பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு மட்டும் அனுமதி, பெரியவர்கள் வேலிக்கு வெளியே நிற்க வேண்டும்.

அம்மா சாம்பாரைக் கிண்டிக்கொண்டே, "அதுக்கு நீ ஏம்ல இப்படி முழிக்க?" என்றாள்.

மாமா என்னைப் பார்த்தார்.

விண்ணப்பத்தில் விளையாட்டு அனுபவம் என்ற கட்டத்தில், இரண்டு ஆண்டுகள் என்று எழுதினார். ஆட்டம் பார்ப்பதும் அனுபவம்தானே என்றார். வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஒரு பழைய தோல் கையுறை வாங்கி வந்தார். பெரியவர்கள் அளவு, உள்ளே என் கை எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியாது. தினமும் சாயங்காலம் கடற்கரை நடைபாதையில் பயிற்சி. அவர் டென்னிஸ் பந்தை உயரே எறிவார், நான் தவறவிடுவேன். நான் கோணலாகத் திருப்பி எறிந்ததையெல்லாம் அவர் வெறுங்கையால், சில சமயம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டே பிடித்துவிடுவார். நடுவர் காட்டும் சைகைகளையும் சொல்லிக்கொடுத்தார். இரண்டு கைகளையும் மார்புக்கு நேரே குறுக்காக வைத்துப் பக்கவாட்டில் விரித்தால் 'சேஃப்', ஓடியவன் பிழைத்தான், கவலை இல்லை என்று அர்த்தம்.

ஆனால் பயிற்சியைவிட முக்கியமானது கேள்வி. நான் ஓட்டைக்கையனிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். அதை மாமா ஒரு சைட் படிவத்தின் பின்பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதினார். முதலில் எழுதியது முழுப் பக்கம், அதில் எச்சரிக்கைக் கடிதம்கூட வந்தது. அடித்து அடித்து எழுதி, கடைசியில் ஒரே வரியில் வந்து நின்றது: சார், அந்தப் பந்தை ஏன் விட்டீர்கள்? நான் அதைக் குளிக்கும்போதும் பள்ளி பஸ்ஸிலும் சொல்லிப் பார்த்தேன். அம்மாவுக்குத் தெரிந்ததும், "ஏல, பச்சப்புள்ளைய வச்சு எவன்ட்டல சண்டைக்குப் போற?" என்று கத்தினாள்.

"சண்ட இல்லக்கா. விளக்கம்" என்றார் மாமா.

அந்த வெள்ளிக்கிழமை மைதானத்தில் இருபது குழந்தைகள்கூட இல்லை. வேலிக்கு வெளியே பெற்றோர்கள் மடக்கு நாற்காலிகளில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வந்தவர் யார் என்று மாமாவைத் தவிர ஒருவருக்கும் தெரிந்ததாகத் தோன்றவில்லை. லேப்டாப்பில் பார்த்ததைவிட அவர் மிகப் பெரியவராக இருந்தார். தலை முன்பக்கம் வழுக்கை. வலது முழங்காலில் பட்டை கட்டியிருந்தார். சிதறிக் கிடந்த பந்துகளை ஒவ்வொன்றாகக் குனிந்து தானே பொறுக்கி வாளியில் போட்டார். நான் திரும்பி மாமாவைப் பார்த்தேன். அவர் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார்.

என் முறை வந்தது. அவர் மெதுவாக, அன்பாக, ஒரு பந்தை உயரே எறிந்தார். அது என் கையுறையின் விளிம்பில் பட்டு வெளியே விழுந்தது. ஒரு பையன் சிரித்தான். அவர் நொண்டியபடி வந்து முட்டி போட்டு, பரவாயில்லை, எல்லாருக்கும் நடப்பதுதான் என்றார்.

இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது என்று எனக்குப் பட்டது. ஓர் உறுதிக்காக மாமாவைப் பார்த்தேன். அவர் வேலிக்கு அப்பால் தலையை ஆட்டி ஆட்டி, இரண்டு கைகளையும் குறுக்காக வைத்து வைத்து, வேகவேகமாக விரித்துக்கொண்டிருந்தார். சேஃப். சேஃப். சேஃப்.

கேட்டுவிட்டேன். மைதானத்துக்கே கேட்கும் குரலில்.

அவர் முகம் முதலில் வெளுத்தது, பிறகு காதுவரை சிவந்தது. இதை உனக்கு யார் சொன்னது என்று கேட்டார். நான் பெருமையோடு மாமாவைச் சுட்டிக்காட்டினேன். மாமா தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினார்.

அவர் வேலியை நோக்கி நடந்தார். நானும் பின்னாலேயே ஓடினேன். இரண்டு வருடத்துத் திட்டையெல்லாம் மாமா இப்போது நேருக்கு நேர் கொட்டப்போகிறார் என்று நினைத்தேன். மாமாவோ தன் ஆங்கிலத்தில், மிகவும் பணிவாக, அது யாராலும் பிடிக்க முடியாத பந்து சார், உங்கள் கண்ணில் வெயில் பட்டுவிட்டது, நான் பார்த்தேன் என்றார்.

"அது ராத்திரி ஆட்டம், நண்பரே" என்றார் அவர்.

மாமா திகைத்து, "லைட்டு சார். ஸ்டேடியம் லைட்டு" என்றார்.

பிறகு அந்த ஆள் சிரித்த சிரிப்பில் நாற்காலியில் இருந்தவர்களெல்லாம் போனிலிருந்து தலை நிமிர்ந்தார்கள். அது சுலபமான பந்து, நான் ஆயிரம் தடவை பிடித்த பந்து, அன்று விழுந்துவிட்டது, அவ்வளவுதான் என்றார். நீ அதை இங்கிருந்தா பார்த்தாய் என்று இரண்டு முறை கேட்டார். மாமா மணியைச் சொன்னார், பஸ் போனதைச் சொன்னார். கடிதத்தைப் பற்றி நான் சொன்னேன். அவர் வேலிக் கம்பிகளுக்கிடையே விரல்களை நீட்டி மாமாவின் விரல்களைப் பிடித்து, மன்னித்துக்கொள் என்றார்.

அதற்குப் பிறகு பெரியவர்களுக்கு அனுமதி இல்லை என்ற விதியை அவரே மீறினார். மாமாவை உள்ளே அழைத்து, என் கையுறையை அவர் கையில் மாட்டி, தூரமாக நிற்கச் சொன்னார். பந்தை உயரே எறிந்தார். நல்ல உயரம், நேராக மாமாவின் தலைக்கு மேல் இறங்கியது. மாமா அண்ணாந்து பார்த்தபடி நின்ற இடத்திலேயே நின்றார். கையுறையை உயர்த்தினார். பந்து விளிம்பில் பட்டு, துள்ளி, புல்லில் விழுந்தது.

குழந்தைகள் ஹோவென்று கத்தினார்கள். அவர் நொண்டிக்கொண்டே ஓடி வந்து மாமாவைத் தூக்காத குறையாகக் கட்டிக்கொண்டார். இரண்டு பேரும் வெகுநேரம் விடவில்லை. எனக்கு அவமானத்தில் முகம் எரிந்தது. என்னைப் பார்த்துச் சிரித்த பையன் இப்போது எங்கள் குடும்பத்தையே பார்த்துச் சிரித்தான்.

திரும்பும் வழியில் நான் மாமாவோடு பேசவில்லை. அவரோ அப்பாவின் காரை ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டே ஓட்டினார். வழியில் நிறுத்தி இரண்டு பேருக்கும் ஷவர்மா வாங்கினார். வீட்டுக்குள் நுழைந்ததுமே நான் அம்மாவிடம் எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்தேன்: மாமா பொய் சொன்னார், ராத்திரியில் வெயில் அடித்தது என்றார், கடைசியில் ஒரு சுலபமான பந்தைக்கூடப் பிடிக்கத் தெரியாமல் விட்டுவிட்டார்.

அம்மா தன் தம்பியைப் பார்த்தாள். "அப்படியால?" என்று மட்டும் கேட்டாள். மாமா கை கழுவப் போய்விட்டார்.

எனக்கு மனது ஆறவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் நானே அவரைக் கடற்கரைக்கு இழுத்துப் போனேன். பந்திலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது, கையுறையை அகலமாக விரிக்க வேண்டும், பந்து உள்ளே விழுந்ததும் மற்றக் கையால் மூட வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தேன். மாமா கையைக் கட்டிக்கொண்டு கவனமாகக் கேட்டார். முதல் இரண்டு பந்தையும் தவறவிட்டார். மூன்றாவதைப் பிடித்ததும், நான் சொல்லிக்கொடுத்ததால்தான் பிடித்தார் என்று அங்கே நடந்துகொண்டிருந்தவர்களிடமெல்லாம் சொன்னேன்.