மூன்று நாள் தண்ணீர்

அத்தையின் மிளகாய்ச் செடிகளுக்குத் தரை கிடையாது. மீனும் ஐஸும் அடைத்து வரும் தெர்மாகோல் பெட்டி மூன்று, காலி பெயின்ட் பக்கெட் நான்கு. இவைதான் அவள் தோட்டம். மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்திருந்தாள்.

திருவொற்றியூரில் கடலுக்கு மூன்று தெரு தள்ளி எங்கள் வீடு. ஒரு அறையும் சமையற்கட்டும். அதில் நான், அம்மா, அம்மாவின் தம்பியான மாமா, அவர் மனைவி அத்தை. அப்பா எங்களை விட்டுப் போயிருந்தார். அம்மா விடியுமுன் காசிமேட்டுக்குப் போய் மீன் எடுத்து விற்பாள். மாமா விசைப்படகில் போனால் பத்து நாள் கழித்துத்தான் கரை. எண்ணூர் அனல்மின் நிலையத்துப் பக்கக் காற்று அடித்தால் இலைகளில் சாம்பல் படியும். அத்தை ஈரத்துணியால் ஒவ்வொரு இலையாகத் துடைப்பாள். என் முகத்தை அவ்வளவு பொறுமையாக யாரும் துடைத்ததில்லை.

மாதத்தில் மூன்று நாள் மட்டும் அவள் செடிகளிடம் போகமாட்டாள். மாடிப்படியின் கடைசிப் படியில் நின்றபடி என்னை ஏவுவாள். “வேர்ல ஊத்துடி. பூ மேல ஊத்தாத, கொட்டிடும்.”

“நீ வா அத்த.”

“நான் தொட்டா கருகிடும்.”

நேற்று தொட்டபோது கருகாதது இன்று எப்படிக் கருகும் என்று எனக்குப் புரியாது. ஆனாலும் கேட்கமாட்டேன். எனக்கு எட்டு வயது. அந்த மூன்று நாளும் செடிகள் என்னுடையவை, அது போதும்.

அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, விம்கோ நகரில் இருந்தாள். மாமாவுக்குக் கல்யாணமாகி ஆறு வருடம், குழந்தை இல்லை. ஞாயிறுதோறும் வந்து, பழவேற்காட்டில் ஒரு பெண் இருப்பதாக அத்தை காதில் விழும்படியே சொல்வாள். அத்தை வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் அத்தை அம்மாவின் காதில் ஏதோ சொன்னாள். சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது, அத்தை மாசமாக இருக்கிறாள் என்று. கரைக்கு வந்த மாமா பெரிய வஞ்சிரம் ஒன்றை விற்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்தார். பெரியம்மா மாங்காயோடு வந்து அத்தையைத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். பழவேற்காட்டுப் பேச்சு நின்றுபோனது. நான் அத்தையின் வயிற்றைப் பார்த்தேன். எப்போதும் போலத்தான் இருந்தது.

பத்து நாள் போயிருக்கும். அம்மா மீனுக்குப் போனதும் அத்தை என்னை எழுப்பினாள். அவள் கண் வீங்கியிருந்தது. “மாடிக்குப் போயி ஊத்திட்டு வா. யாருக்கும் சொல்லாத.”

“நீ வர்லியா?”

“தல சுத்துது.”

மூன்று நாள் தலை சுற்றியது. நாலாம் நாள் சரியாகிவிட்டது. அடுத்த மாதமும் அப்படியே. வயிற்றில் குழந்தை வந்தால் மாதத்தில் மூன்று நாள் தலை சுற்றும் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

அந்த மூன்றில் கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை. பெரியம்மா மாடிக்கு ஏறி வந்தாள். அத்தை பின்னாலேயே வந்து கடைசிப் படியில் நின்றுவிட்டாள். செடிகளில் இலை எது காய் எது என்று தெரியாதபடி காய்த்திருந்தது. பெரியம்மா முந்தானையை ஏந்திப் பறித்தாள்.

“மாசமா கீறவ கை பட்டுச்சில்ல, அதான் இப்டி காய்ச்சித் தொங்குது!”

எனக்குப் பொறுக்கவில்லை. “அய்ய, அத்த எங்க ஊத்திச்சி? நான்தான் ஊத்துனேன். மூணு நாளா அது செடிகிட்டயே வர்ல. போன மாசமும் மூணு நாளு நான்தான்!”

என்னைப் பாராட்டுவாள் என்று நின்றேன். பெரியம்மா என்னைப் பார்க்கவே இல்லை.

“இன்னாம்மா சொல்லுது இது?”

“கொயந்த, ஏதோ ஒளறுது அண்ணி.”

“அப்டியா? சரி, நீ வந்து ஒரு காயப் பறி.”

அத்தை நகரவில்லை.

“ஒண்ணே ஒண்ணு. பறிச்சி என் கைல குடு.”

ஒரு மிளகாய் பறிக்க எவ்வளவு நேரமாகும்? நான்கூட உதவிக்குப் போனேன். “இங்க பாரு அத்த, பழுத்தது கீது. இத்தப் பறி.” அவள் ஒரு கால் எடுத்து மாடிமேல் வைத்தாள். செடிகளைப் பார்த்தாள். காலைத் திரும்பப் படிக்கே எடுத்துக்கொண்டாள்.

பெரியம்மா முந்தானையிலிருந்த காய்களை அங்கேயே உதறிவிட்டுக் கீழே இறங்கினாள்.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். திருப்பூர், ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் என்று வேலை கிடைத்த இடமெல்லாம் சுற்றியாயிற்று. போகிற இடத்தில் ஒரு எண்ணெய் டின் கிடைத்தால் மிளகாய் போடுவேன். எல்லா நாளும் தொடுகிறேன், பறிக்கிறேன். ஒன்றும் கருகவில்லை. முதலில் அத்தைக்கு உண்மையிலேயே நாள் தள்ளித்தான் போயிருக்க வேண்டும். அவசரப்பட்டுச் சொல்லிவிட்டாள். பிறகு வந்ததும், வீடே அவ்வளவு சந்தோஷமாக இருந்தபோது எப்படித் திருப்பிச் சொல்வது? எங்கள் எல்லாரிடமும் பொய் சொன்னவளால் செடியிடம் மட்டும் சொல்ல முடியவில்லை.

இதெல்லாம் இப்போது. அன்று எனக்குத் தெரிந்தது வேறு. அவளுடைய செடிகளை என்னுடையவை என்று சொல்லிவிட்டேன், அந்தக் கோபத்தில்தான் சாயங்காலமே பிறந்த வீட்டுக்குப் போகிறாள் என்று நினைத்தேன். மாமா கடலில் இருந்தார். எண்ணூரிலிருந்து அவள் அண்ணன் ஆட்டோ கொண்டுவந்திருந்தார். நான் ஓடிப்போய் ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

“செடி உன்னுதுதான் அத்த. நான் சொம்மா சொன்னேன்.”

அவள் என் முகத்தை முந்தானையால் துடைத்துவிட்டாள். “உன்னுதாவே இருக்கட்டும். வேர்ல ஊத்து.”

கோபம் போய்விட்டது, அடுத்த ஞாயிறு வந்துவிடுவாள் என்று எனக்கு நிம்மதியாகிவிட்டது. மாடிக்கு ஓடி ஏழு செடிக்கும் வேரில் ஊற்றினேன். காய் ஒன்றைக்கூட யாரையும் தொடவிடவில்லை. அவள் வந்து பறிக்கட்டும் என்று காவல் இருந்தேன். எல்லாம் செடியிலேயே பழுத்துச் சிவந்து வற்றின.