அப்பாவுக்கு நெஞ்சுவலி

நாங்கள் போட்ட திட்டம் இரண்டு நாள், இரண்டு கோட்டை. முதலில் ராயக்கோட்டை, மறுநாள் கிருஷ்ணகிரி. ராத்திரி தங்க, கம்பெனியில் எங்கள் லைனில் வேலை செய்யும் அக்கா ஒருத்தியின் வீடு குந்தாரப்பள்ளியில் இருந்தது. முதுகில் மூட்டை மாட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றும் வெளிநாட்டுப் பெண்களை ஃபோனில் பார்த்துப் பார்த்து வந்த ஆசை. ஓசூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் பேரம் பேசி ஆளுக்கொரு பெரிய பை வாங்கினோம். உள்ளே வைக்க இரண்டு சுடிதாரும் ஒரு போர்வையும்தான் இருந்தன. பாதிப் பைகூட நிறையவில்லை.

கூட வந்தவள் என் ரூம்மேட். கள்ளக்குறிச்சிப் பக்கம், மல்லாட்டை, அதுதான் நிலக்கடலை, போடுகிற குடும்பம். ஒரே கம்பெனியில் பக்கத்துப் பக்கத்தில் நின்று ஒயர் பொருத்துகிறவர்கள் நாங்கள். வேலையோடு சேர்த்துப் படிக்கிற டிப்ளமோவில் அவளுக்கு இன்னும் ஒரு வருடம் பாக்கி. அதற்குள் ஊரில் மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள், தையில் கல்யாணம் என்றார்கள். "ஒரே ஒரு வருசம் குடுப்பா, படிச்சி முடிச்சிட்டு நீ சொல்ற ஆள கட்டிக்கிறேன்" என்று தினமும் ஃபோனில் அழுவாள். அவள் அப்பா ஆமாம் என்றும் சொல்லமாட்டார், இல்லை என்றும் சொல்லமாட்டார். "பாக்கலாம் பாப்பா" என்பார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அவள் நாளைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

எங்கள் கம்பெனியில் ஊர் சுற்றப் போகிறேன் என்றால் லீவு கிடையாது. வீட்டில் யாராவது படுத்தால் உண்டு, செத்தால் உடனே உண்டு. அதனால் எங்கள் ஹாஸ்டல் பெண்களின் சொந்தக்காரர்கள் அடிக்கடி சாவார்கள். என் பெரியப்பாவே இரண்டு முறை போய்ச் சேர்ந்திருக்கிறார். மனுசன் தர்மபுரியில் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார். சொல்லிவிட்டால் ஃபோனை அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் டீம் லீடர் கூப்பிட்டுப் பின்னால் அழுகைச் சத்தம் கேட்கிறதா என்று பார்ப்பார். வார்டனிடமும் அதே கதையைச் சொல்ல வேண்டும். அவரும் இவரும் பேசிக்கொள்வார்கள்.

அவள் பக்கம் சாகடிக்க ஆள் தீர்ந்துபோயிருந்தது.

"அப்பாவுக்கு நெஞ்சுவலின்னு சொல்லிட்டேன்டி. துணைக்கு நீயும் வர்றேன்னு உனக்கும் சேத்து வாங்கிட்டேன்."

"அடிப்பாவி, பெத்த அப்பனையா?"

"சாகடிக்கலல்ல? வலிதான?"

விடிகாலையில் கிளம்பினோம். தூறல். சானமாவு காட்டுக்குள் பஸ் போகும்போது கண்டக்டர் முன்னால் தெலுங்கு, பின்னால் கன்னடம், எங்களிடம் மட்டும் தமிழ். "பைய பாத்தா பாரின் போறாப்ல இருக்குது, டிக்கெட்டு ராயக்கோட்டைக்கு கேக்கறீங்களே!" என்று கிண்டல் வேறு. ராயக்கோட்டை நெருங்க நெருங்கச் சாலையோரம் தக்காளியைக் குவியல் குவியலாகக் கொட்டி வைத்திருந்தார்கள். விலை இல்லையாம். மழையில் ஊறி அழுகிய அந்த நாற்றம் மலையடிவாரம் வரை கூட வந்தது.

மலைமேல் திப்பு காலத்துக் கோட்டை. மேலே கூரை போன கட்டடங்கள், பாசி பிடித்த குளம், சுவர் முழுக்க யார் யாரோ கிறுக்கிய காதல். எங்களைத் தவிர ஈ காக்கை இல்லை. கீழே எல்லாம் மூட்டமாக இருந்தது, ரயில் போகும் சத்தம் மட்டும் கேட்டது. எனக்கு, இதற்கா இவ்வளவு பொய் என்று வயிற்றெரிச்சல். அவளோ நனைந்த கல்லில் உட்கார்ந்து, "இங்க யாருமே நம்மள கூப்பிட முடியாது இல்ல?" என்றாள். அவ்வளவு நிம்மதியாக அவளை நான் பார்த்ததில்லை. அணைத்த ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு மழையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இறங்கி வந்து டீக்கடையில் நின்றபோது குந்தாரப்பள்ளி அக்காவிடம் வழி கேட்க என் ஃபோனைப் போட்டேன். போட்ட வேகத்தில் வார்டன் கூப்பிட்டார்.

"எங்கடி இருக்கீங்க ரெண்டு பேரும்?"

"ஆஸ்பத்திரியிலக்கா. அவ அப்பாவுக்கு..."

"அவ அப்பா என் எதிர்ல உக்காந்து டீ குடிச்சிட்டு இருக்காரு!"

நான் ஃபோனை அவளிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

அடுத்த பஸ்ஸிலேயே ஓசூர் திரும்பினோம். ஹாஸ்டல் வாசலிலேயே வார்டன் எங்களைப் பிடித்துக்கொண்டார். திட்டத்தான் போகிறார் என்று பார்த்தால், குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"ராத்திரி பஸ்ஸு ஏறி வந்திருக்காரும்மா. மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க கிட்ட அடுத்த வருசம் பாத்துக்கலாம்னு சொல்லிட்டாராம். உன் கிட்ட நேர்ல சொல்லி, உன் மூஞ்சிய பாக்கோணும்னு வந்தாராம். எங்கிட்ட அவ்ளோ சந்தோசமா சொல்றாரு. யாரோ சித்தப்பா போலன்னு நெனச்சிட்டு, 'உங்க அண்ணனுக்கு நெஞ்சுவலி இப்ப எப்படிங்க இருக்குது'ன்னு நாந்தான் கேட்டுட்டேன்."

அவர் வரவேற்பறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மெலிந்த, கறுத்த ஆள். வேகவைத்த மல்லாட்டைப் பையை மடியிலிருந்து இறக்கவே இல்லை. எங்கள் முதுகிலிருந்த பைகளையும் செருப்பில் ஒட்டிய சேற்றையும் பார்த்தார். அவர் கத்தியிருந்தால் தேவலை. நாலு அறை விட்டிருந்தால்கூட நான் குறுக்கே விழுந்திருப்பேன்.

"அப்பா, லீவு தரமாட்டாங்கப்பா, எல்லாரும் இப்படித்தான்..." என்று அவள் ஆரம்பித்தாள்.

"எனக்கு நெஞ்சு வலிக்கல பாப்பா" என்றார். "வா, ஊருக்குப் போலாம்."

நான் வாயடக்கம் இல்லாதவள். "நாங்க கோட்டைதான் பாக்கப் போனோம், சத்தியமா வேற எங்கயும் போகலைங்க" என்றேன். அவர் தலையை ஆட்டினார். நம்பினாரா என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. மல்லாட்டைப் பையை என் கையில் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போய் நின்றுகொண்டார்.

அவள் துணிமணி, தட்டு, டிப்ளமோ புத்தகம் எல்லாவற்றையும் ஊர் சுற்ற வாங்கிய அந்தப் பெரிய பையில்தான் திணித்தாள். இப்போது அது ஜிப் போட முடியாமல் பிதுங்கியது. நான் முழங்காலால் அழுத்த, அவள் இழுத்துப் பூட்டினாள். "கிருஷ்ணகிரிக்கு நீ போய்ப் பாத்துட்டு போட்டோ அனுப்புடி" என்றாள். அந்த நேரத்தில் அவள் அப்படிச் சொன்னதில் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

அடுத்த வருசம் இல்லை, அந்தத் தையிலேயே கல்யாணம். எனக்குப் பத்திரிகை ஃபோனில் வந்தது. லீவு கேட்க டீம் லீடரிடம் போனேன். கல்யாணம் என்றால் அவர் நம்பமாட்டார் என்று பத்திரிகையைத் திறந்து வைத்துக்கொண்டே போனேன். அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. வார்டன் நடந்ததை அவரிடம் சொல்லவில்லை போலும்.

"ஆமா, அந்தப் பொண்ணோட அப்பாக்கு நெஞ்சுவலின்னு போனீங்களே, ஆளு தேறிட்டாரா?"

"நல்லா இருக்காருங்க சார்" என்றேன்.

"பரவால்ல. தப்பிச்சாரு" என்றார்.