மேல்மாடி எவேலியோ

ஹவானாவில் செத்துப்போன குளிர்பெட்டிக்கு உயிர் கொடுக்க வேண்டுமென்றால் எவேலியோவைத்தான் கூப்பிடுவார்கள். பாலே நடனம் நடக்கிற மாலைகளில் மட்டும் கூப்பிட்டுப் பிரயோஜனமில்லை. உங்கள் வீட்டுப் பன்றிக்கறி கெட்டுப்போனால் போகட்டும் என்று, தேய்த்த சட்டையும் கையில் கடலைப் பொட்டலமுமாகப் பெரிய அரங்கத்தின் மேல்மாடிக்கு ஏறிவிடுவார் மனுஷன்.

மேல்மாடியில் அவர் வைத்ததுதான் சட்டம். அவர் கை தட்டினால் மாடி தட்டும், மாடி தட்டினால் கீழே மெத்தை நாற்காலிகளில் இருக்கும் பெரிய மனிதர்களும் தட்டுவார்கள். ஒருத்தி ஒற்றைக் காலில் சுழல ஆரம்பித்தால் மாடி முழுக்கச் சேர்ந்து உரக்க எண்ணும். தடுமாறினால் அவள் காதில் விழும்படி உச்சுக்கொட்டும். வாயை மூடிக்கொண்டு பாலே பார்ப்பதெல்லாம் வேறு ஊர்க்காரர்களின் வியாதி.

அந்தச் சனிக்கிழமை நிகழ்ச்சியில் பழைய பாணியும் புதிய பாணியும் கலந்து வைத்திருந்தார்கள். இடைவேளைக்குப் பிறகு ஆட இருந்தவள் யமிலா, எவேலியோவின் ஒரே மகள். சின்ன வயதிலிருந்து பாலே பள்ளியில் படித்தவள், இரண்டு வருஷத்துக்கு முன்னால் பட்டுக் காலணியைக் கழற்றிப் போட்டுவிட்டு, வெறுங்காலோடு ஆடுகிற ஒரு சின்னக் குழுவில் போய்ச் சேர்ந்துவிட்டாள். மேல்மாடி ஆட்கள் அதைச் சொல்லிச் சீண்டும்போதெல்லாம் எவேலியோ கடலையை மென்றபடி பேச்சை மாற்றிவிடுவார்.

இப்போது அப்படி நழுவ முடியவில்லை. அந்த மாதிரி ஆட்டம் பெரிய மேடைக்கு வருவது இதுதான் முதல் தடவை. கூட்டம் சிரித்தால் இதுவே கடைசி என்று நிகழ்ச்சி நடத்துகிறவர் யமிலாவிடம் முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தார். சிரிக்கக் காரணமும் இருந்தது. ஆட்டத்தின் நடுவில் இசை நின்று, விளக்குகள் மொத்தமும் அணையும். நாலைந்து மூச்சு விடுகிற நேரம் கும்மிருட்டு. அப்புறம் வெளிச்சமும், ஒலிபெருக்கியில் பதிவு செய்த முரசும் ஒன்றாக வெடிக்கும்.

மத்தியானம் சாப்பிடும்போது யமிலா தட்டில் இருந்த அவரையையும் சோற்றையும் கிண்டிக்கொண்டே இருந்தாள்.

"அப்பா, இந்த ஊர்ல விளக்கு அணைஞ்சா என்ன நெனப்பாங்கன்னு தெரியும்ல? உங்க ஆளுங்க விசிலடிப்பாங்க. மறுபடி எரிஞ்சா 'கரண்ட் வந்துடுச்சு'ன்னு கூத்தாடுவாங்க. அதோட என் கதை முடிஞ்சுது."

"மாடியை நான் பாத்துக்கறேன். நீ சாப்பிடு," என்றார் எவேலியோ.

சொன்னபடியே அன்று ஆட்டம் தொடங்குவதற்கு வெகு நேரம் முன்பே போய், வரிசை வரிசையாக ஒவ்வொருவர் காதிலும் ஓதினார். இருட்டு ஆட்டத்தில் சேர்த்தி, மூச்சுக் காட்டக்கூடாது. எல்லோரும் தலையாட்டினார்கள். ஓடாலிஸ் மட்டும் இடுப்பில் கை வைத்தாள். மகப்பேறு மருத்துவமனைத் தாதி அவள். மாடியிலேயே பெரிய வாய்.

"என் உசுரே, இருட்டைப் பாக்க நான் இங்க எதுக்கு வரணும்? என் வீட்டுலயே தெனமும் காட்டறாங்களே."

சுற்றிலும் சிரித்தார்கள். எவேலியோவும் சிரித்து வைத்தார். பிறகு அவளுக்குப் பக்கத்திலேயே இடம் பிடித்துக்கொண்டார்.

முதல் பாதி அமர்க்களமாகப் போனது. சுழன்றவளோடு மாடியும் எண்ணி முடித்து, தொண்டை வறண்டு காப்பிக்கு ஓடியது. பிறகு மணி அடித்து, திரை விலகி, யமிலா வந்தாள். பழுப்புப் பாவாடை, அள்ளி முடிந்த தலை, வெறுங்கால். விழுந்தாள், புரண்டாள், எழுந்து ஓடினாள். மாடி குழப்பத்தோடு, ஆனால் மரியாதையாகப் பார்த்தது. இசை நின்றது. விளக்கு அணைந்தது.

ஒருவரும் அசையவில்லை. எவேலியோவுக்குப் பெருமையில் நெஞ்சு விம்மியது. அப்போதுதான் அது அவர் காதில் பட்டது. கூரைக்கு மேலே சாயந்திரம் முழுக்க உறுமிக்கொண்டிருந்த குளிர்சாதன மோட்டார் மெல்லத் தேய்ந்து அடங்கியது. மாடிப்படி விளக்கும் எரியவில்லை.

நிஜமாகவே மின்சாரம் போய்விட்டது.

நாலு மூச்சு ஆயிற்று, பத்து மூச்சு ஆயிற்று. கீழே யாரோ இருமினார்கள். ஒரு விசில் பாதி கிளம்பியது. ஓடாலிஸ் அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"இதுவும் ஆட்டந்தானா?"

"ஆட்டந்தான். பேசாம இரு," என்றார் எவேலியோ. பாலே விஷயத்தில் மேல்மாடியிடம் அவர் பொய் சொன்னது அதுதான் முதல் தடவை.

மேடையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. தொப்பென்று பலகையில் ஒரு குதிகால். மறுபடி ஒன்று. பிறகு இரண்டு காலும் சேர்ந்து ஓட ஆரம்பித்தன. முரசு வரப்போவதில்லை என்று புரிந்துகொண்டு, முரசு அடிக்க வேண்டியதையெல்லாம் அவள் காலாலேயே அடிக்கிறாள்! மேடை எங்கே முடிகிறது என்று இருட்டில் எப்படித் தெரியும்? விளிம்புக்கு அப்பால் வாத்தியக்காரர்கள் உட்காரும் பள்ளம். சத்தம் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் எவேலியோ கைப்பிடிக் கம்பியை நெரித்தார். போதும் நிறுத்து மகளே என்று கத்தலாம் போலிருந்தது. கத்தினால் எல்லாம் போச்சு. பல்லைக் கடித்துக்கொண்டார். காலடி மாடி வரை வந்து நெஞ்சில் இடித்தது.

திடீரென்று வெளிச்சம். மேடையில் மட்டுமல்ல, கூரைச் சரவிளக்கு, படிக்கட்டு, வாசல் என்று எல்லாமே பளீரென்று எரிந்தன. அரங்கத்து ஜெனரேட்டரை ஓட்டிவிட்டார்கள். நடந்தது என்ன என்று சின்னக் குழந்தைக்கும் விளங்கிவிட்டது. ஆனால் யாரும் கூத்தாடவில்லை. பள்ளத்தின் விளிம்புக்கு ஒரு சாண் தள்ளி யமிலா இன்னமும் ஆடிக்கொண்டிருந்தாள், வேர்வையில் குளித்து, இசையே இல்லாமல். கடைசிச் சுற்றைச் சுற்றி முடித்து நின்று, மாடியை நிமிர்ந்து பார்த்தாள்.

அரங்கம் வாயடைத்து உட்கார்ந்திருந்தது. கீழே இருந்தவர்களும் கழுத்தைத் திருப்பி மேலே பார்த்தார்கள்.

ஓடாலிஸ் அவர் காதோரம் குனிந்தாள். "தட்டேன்யா. நீ ஆரம்பிக்காம நாங்க எப்படித் தட்டறது?"

எவேலியோ எழுந்து நின்றார். கைகள் கம்பியை விட்டு வர மாட்டேன் என்றன. கண்ணை மறைத்த தண்ணீரைத் துடைக்கக்கூட அவை வரவில்லை. அவருக்கு வந்ததெல்லாம் குரல் மட்டும்தான்.

"எம் பொண்ணுய்யா அவ," என்றார், அங்கே தெரியாதவர் யாருமில்லாத அந்த விஷயத்தை.

மேல்மாடி அதற்குமேல் அவர் கைக்காகக் காத்திருக்கவில்லை.