இரண்டில் நின்ற எண்ணிக்கை

மாமா இறந்து மூன்று மாதம் கழித்து, அவர் பாதியில் விட்ட வேலையை முடிக்க நான் சிதம்பரம் போகத் தொடங்கினேன். என் அக்கா வீட்டுக்காரர் அவர். சனிக்கிழமை காலையில் மஞ்சக்குப்பத்தில் பஸ் ஏறினால், பதினொரு மணிக்குக் கீழ வீதிக்குப் பின்னால் இருக்கும் அவர்கள் வீட்டு மாடியறையில் இருப்பேன். மேஜையில் மாமா வைத்தபடியே அந்தக் கம்ப்யூட்டர் போர்டு கிடந்தது. உள்ளங்கை அளவுதான், அதில் புத்தம்புது ப்ராசஸர்.

அந்த ப்ராசஸரில் பூட்லோடரை ஓட வைப்பதுதான் வேலை. கரண்ட் வந்ததும் முதலில் கண்விழித்து, மெமரியைத் தயார் செய்து, லினக்ஸ் என்ற இயங்குதளத்தைக் கூப்பிட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் சின்ன நிரல் அது. பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து எழுதுவது. சம்பளம் தர ஆளில்லை, குற்றம் கண்டுபிடிக்க மட்டும் கூட்டம் உண்டு. அங்கே ஒரு நல்ல வழக்கம். ஒருவர் தொடங்கியதை இன்னொருவர் முடித்தாலும், தொடங்கியவர் பெயர்தான் மேலே இருக்கும். மாமா பெயர் அதில் ஏற வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

லினக்ஸைக் கூப்பிடும் முன் பூட்லோடர் திரையில் மூன்று, இரண்டு, ஒன்று என்று எண்ணும். அதற்குள் ஏதாவது ஒரு கீயைத் தட்டினால் அப்படியே நின்று, நம் கட்டளைக்குக் காத்திருக்கும். மாமா எப்போதும் இரண்டில்தான் தட்டுவார். "மூணுல தட்டுனா அவசரக்குடுக்கை, ஒண்ணுல தட்டுனா சோம்பேறி" என்பார்.

முதல் சனிக்கிழமை ஸ்விட்சைப் போட்டேன். மூன்று. இரண்டு. நின்றுவிட்டது. என் கை கீபோர்டில் இல்லை, தண்ணீர்ச் செம்பில் இருந்தது.

மறுபடி போட்டேன். இரண்டு. எரிச்சலில், கீபோர்டில் தட்டுவதை போர்டுக்குக் கொண்டுபோகும் வயரையே பிடுங்கிப் போட்டேன். இனி போர்டு சொல்வதை நான் படிக்கலாம், அதனிடம் யாரும் எதுவும் சொல்ல முடியாது. அப்படியும் இரண்டில் நின்றது. பட்டப்பகல். தெருவில் பூக்காரம்மா கூவிக்கொண்டு போகிறார்.

சாப்பிடக் கூப்பிட வந்த அக்கா திரையை எட்டிப் பார்த்தாள்.

"ரெண்டுல நிக்குதா?"

"உனக்கெப்படித் தெரியும்?"

"டெய்லி மத்தியானம் நான் ஸ்விட்ச் போட்டுப் பாக்குறேன்டா. அவரு சாப்புட எழுந்து வர்ற நேரத்துக்கு. ரெண்டு வந்தா நிறுத்திடுறாரு."

சொல்லிக்கொண்டே ஸ்விட்சை அணைத்துவிட்டுக் கீழே இறங்கினாள்.

அடுத்த வாரம் காரணம் பிடிபட்டது. மாமாவின் பழைய வயர் உள்ளுக்குள் முறிந்திருந்தது. வயர் முறிந்தாலும் பிடுங்கினாலும் போர்டில் அது சேரும் முனை காலிதான்; அது பக்கத்தில் ஓடும் ஃபேனின் அதிர்வையோ கரண்டின் இரைச்சலையோ வாங்கிக்கொண்டு, யாரோ கீயைத் தட்டியதாக நினைத்துக்கொள்ளும். அந்த முனையைக் காலியாக விடாமல் இழுத்துப் பிடி என்று நிரலில் ஒரு வரி எழுதினால் தீர்ந்தது. ஏன் எப்போதும் இரண்டில் மட்டும்? அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

இதற்குள், மாமா முன்பு அனுப்பிய பாதி வேலையைச் சரிபார்ப்பவரிடமிருந்து எல்லோரும் பார்க்கும் மெயிலில் கேள்வி வந்திருந்தது, மாமாவின் பெயருக்கு. ஆளில்லாத இடத்தில் வைத்தால் இந்த போர்டு தானாக எழுந்து வருமா? மாமா இல்லை என்று நான் அவர்களுக்கு எழுதவில்லை. எழுத மனம் வரவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். அந்த வரியை எழுதினால் மாமா பெயர் ஏறும், அக்காவின் மத்தியானம் போய்விடும். இரண்டு வாரம் எழுதாமலே இழுத்தடித்தேன். கோழைதான் நான்.

மூன்றாவது வாரம் அவளிடம் சொல்லிவிட்டேன். ஃபேனைப் பற்றி, வயரைப் பற்றி, எல்லாம்.

"அவரு பேரு வருமா?"

"மேல வரும்க்கா."

"அப்ப எழுதுடா" என்றாள். குரலில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. நான்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

புது வயர் மாட்டி, அந்த வரியை எழுதி, ஓட்டிப் பார்த்தேன். மூன்று, இரண்டு, ஒன்று, லினக்ஸ். மெயிலை அனுப்பினேன். அனுப்பும் நிரல், வேலையில் பெயர் உள்ள எல்லோருக்கும் தானாகவே ஒரு பிரதி போட்டுவிடும். கீழே ஃப்ரிட்ஜ் மேல் மாமாவின் போன் ஒலித்தது. அக்கா இன்னும் அதற்குச் சார்ஜ் போட்டு வைத்திருந்தாள்.

அந்த வாரமே சேர்த்துக்கொண்டார்கள். மாமா பெயர் மேலே, என் பெயர் கீழே. அதை அக்காவிடம் காட்ட அடுத்த சனிக்கிழமை ஓட்டமாகப் போனேன். மாடிப்படி ஏறும்போதே திரை தெரிந்தது. மூன்று. இரண்டு.

நின்றுவிட்டது.

வயர் புதிது. அந்த வரி இருக்கிறது. நிற்க வழியே இல்லை. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு அப்படியே நின்றேன். பிறகு இன்னும் ஒரு படி ஏறியபோதுதான் அக்கா தெரிந்தாள். மாமாவின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், விரல் கீபோர்டில் இருந்தது.

"மணி ஒண்ணாவுதுடா" என்றாள். "சாப்புட வரணும்ல."