பூச்சியம் போட்ட காட்டுத்துண்டு

சயந்தினி ஒராங்குட்டானை நேரில் கண்டது ஒரே தடவை, மிருகக்காட்சிச்சாலையில். அது முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. ஆனாலும் போர்னியோவின் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களுக்கிடையே எஞ்சிய காடுகளில் அவை எங்கே படுத்தெழும்புகின்றன என்று ஜேர்மனியின் கார்ல்ஸ்ரூஹேயில் இருந்து சொல்வதுதான் அவளுடைய உத்தியோகம். வானிலிருந்து எடுத்த படங்களில், அவை படுக்க மர உச்சியில் கட்டும் கூடுகளைத் தேடுவாள்.

கடையில் பிஸ்கட் பெட்டியைத் திருப்பிப் பனையெண்ணெய் இருக்கிறதா என்று பார்ப்பவள், ஸ்டுட்கார்ட்டில் அம்மா ரோல்ஸ் பொரிக்கும் எண்ணெயைப் பற்றி இன்றுவரை கேட்டதில்லை. வதிவிடப் பதிவும் அம்மா வீட்டில்தான். படுக்கை மட்டும் தோழி கிருசாந்தியின் சோபாவில், மாதம் நாலு நாள் வேலைக்காகக் கார்ஹிங் நகரில். ஓரிடத்தில் இருக்க ஏலாது. தொலைபேசியில் கதைத்தாலும் நடப்பாள்.

இரு பக்கமும் பனை நிற்க, இரண்டு காடுகளை இணைக்கும் நானூறு மீற்றர் அகலக் காட்டுத்துண்டு ஒன்றில் பனை நடுவதா விடுவதா என்று தோட்டக் கம்பனி கேட்டிருந்தது. "நிரந்தரமாக வசிப்பவை" என்ற கட்டத்தில் சயந்தினி பூச்சியம் போட்டு அனுப்பினாள். படிவமும் அவள் தயாரித்ததே. பதிவில்லாதவர் வசிப்பதில்லை என்று நம்பும் நாட்டில் வளர்ந்த பிள்ளை.

வெள்ளி காலை, கார்ஹிங்கில் இருந்து சகா பார்த்தசாரதி அழைத்தான்.

"கம்பெனிக்காரன் தேங்க்ஸ்னு மெயில் போட்டிருக்கான். நம்ம வேலைக்கு தேங்க்ஸ் வந்தாலே பயமா இருக்கு. திங்கட்கிழமை மரம் வெட்டுறாங்களாம்."

"நான் பொய் எழுதேல்லையே. அங்க ஒண்டும் நிரந்தரமா இல்லை."

"கரெக்ட். நீங்க எங்க பெர்மனென்ட்? இன்னிக்கு எந்த சோபா?"

அவள் நடப்பதை நிறுத்தினாள். படத்தில் ஒன்பது பழைய கூடுகள். ஒவ்வொரு மாலையும் புதுப் படுக்கை போடும் பிராணி. ஒன்பதும் ஒரு காட்டிலிருந்து மற்றக் காட்டுக்குப் போகும் வரிசையில் கிடந்தன.

பூச்சியத்தைத் திரும்பப் பெற்றாள். "கடந்து போகிறவை" என்று புதுக் கட்டம் போட்டு, பிழை தன்னுடையது என்றும் எழுதி அனுப்பினாள். பதில் மூன்று மணிக்கு வந்தது: வெட்டுவதை நிறுத்தி வைக்கிறோம், ஆனால் கடந்துபோக ஐம்பது மீற்றர் போதாதா?

அவள் மறுபடி நடந்தாள், பின் அளந்தாள்.

"பார்த்தசாரதி, ஒரு கூடு கூடப் பனைக்கு நூற்றைம்பது மீற்றருக்குக் கிட்ட இல்லை. எல்லாம் நடுவில."

"அப்ப நானூறும் வேணும்."

"ஓம். நடுவில படுக்கிறதுக்கு இரண்டு கரையும் வேணுமே."

அதையே எழுதினாள், நின்றுகொண்டே.