சிங்கப் போர் ஸ்கார்ஃப்

எங்கள் பள்ளியில் கணக்கு எடுக்கும் டீச்சர் போன வாரம் ஒரு பழைய ஸ்கார்ஃப் கட்டி வந்தார். இணையத்தில் தேடித் தேடி வாங்கியதாம். முன்பின் தெரியாத ஒருத்தி அவள் காலத்தில் கட்டியது என்று சொல்லிச் சொல்லித் தடவிப் பார்த்துக்கொண்டார். பழசுக்கா இந்த அலட்டல் என்று மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குத் திருப்பதி-வேலூர் சாலையில் இருக்கும் குடிபாலாவில் எங்கள் வீட்டுக்கு வந்துபோன ஸ்கார்ஃப் ஞாபகம் வந்தது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்போது இரண்டாம் வகுப்பு. பிஸ்கட் உறை, மாத்திரை அட்டை, பஸ்ஸின் நெற்றி என்று எதைக் கண்டாலும் நைனா என்னைப் படிக்கச் சொல்வார். நானும் தப்போ சரியோ சத்தமாகப் படிப்பேன். தப்பு என்று சொல்ல வீட்டில் ஆள் கிடையாது.

அத்தை திருப்பதியில் ஒரு லாட்ஜில் அறை பெருக்கும் வேலை பார்த்தாள். யாத்ரீகர்கள் மறந்துவிட்டுப் போகும் பொருள்கள் ஆபீஸ் அலமாரியில் இருக்கும். ரொம்ப நாள் யாரும் கேட்டு வராவிட்டால் பெருக்குகிறவர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். அப்படித்தான் அந்த ஸ்கார்ஃப் வந்தது. நீலப் பட்டு, ஓரமெல்லாம் வெளிறிய ரோஜாக்கள். கையில் எடுத்தால் தண்ணீர் மாதிரி வழுக்கியது.

அம்மா வாசலிலேயே மறித்தாள். "எவ மொட்டத் தலையில கட்னதோ! தொவைக்காம உள்ள கொண்டாராத."

"பட்டு அண்ணி, பாத்துத் தொவை" என்றாள் அத்தை.

ஒரு மூலையில் சந்தனக் கறை படிந்திருந்தது. மலையில் மொட்டை அடித்ததும் தலையில் பூசுவார்களே, அந்தச் சந்தனம். அம்மாவுக்குக் கறை என்றால் பகை. எலுமிச்சை தேய்த்தாள், சோப்பு போட்டாள், வெயிலில் காயவைத்து மறுபடி அலசினாள். கடைசியில் கறை போய்விட்டது. அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் தூக்கிக் காட்டினாள்.

எனக்கு வேறு ஆராய்ச்சி. ஓரத்தில் தைத்திருந்த சின்னப் பட்டையில் மற்ற எழுத்துகள் தேய்ந்து ஒரே ஒரு சொல் மிச்சமிருந்தது. எஸ், ஐ, என், ஜி, ஏ, பி, ஓ, ஆர், இ. கூட்டிப் படித்தேன்: சிங்கப் போரே!

"இன்னாம்மா அது?" என்றார் நைனா.

"சிங்கத்தோட போர் நைனா. அதுல கட்டிக்கினு போன துணி."

"பாத்தியா! படிச்ச பொண்ணு" என்று நைனா தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். அன்றிலிருந்து அது ராணியின் ஸ்கார்ஃப். ராணி எந்த ஊர், சிங்கத்துக்கு எங்கே காயம் என்று நாளுக்கொரு கதை கட்டினேன். அதைத் தலைமாட்டில் வைத்துத்தான் தூங்குவேன்.

ஒருநாள் அத்தை போன் செய்தாள். ஸ்கார்ஃபைத் தேடி ஓர் அம்மா லாட்ஜுக்கு வந்தாராம். வேலூர்க்காரர். திரும்பும் வழியில் நம் வீட்டில் இறங்குவார், கொடுத்துவிடுங்கள் என்றாள்.

நான் கொடுக்கத் தயாராக இல்லை. பள்ளிக்கூடத்தில் பலப்பம் தொலைந்து கிடைத்தால் எங்கள் தெலுங்கு சார் சும்மா தரமாட்டார். "குர்த்து செப்பு" என்று அடையாளம் கேட்பார். அந்த அம்மா வந்து உட்கார்ந்ததும் ஸ்கார்ஃபை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு முன்னால் போய் நின்றேன்.

"இது உங்களுதுன்னா குர்த்து சொல்லுங்க."

அவர் சிரித்தார். "சொல்றேன் பாப்பா. நீலம். ரோஜாப்பூ. ஒரு மூலையில உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனக் கறை இருக்கும்."

நான் துள்ளினேன். ஸ்கார்ஃபை விரித்து நாலு மூலையையும் காட்டினேன். "கறையே இல்ல! இது உங்களுது இல்ல!"

"அடக்க ஒடுக்கமா பேசுடி" என்ற நைனாவின் குரலிலும் பெருமைதான் இருந்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"இருந்துச்சும்மா" என்றாள் மெல்ல. "நான்தான் தொவச்சி எடுத்துட்டேன்."

அந்த அம்மா ஸ்கார்ஃபை வாங்கி மடியில் போட்டுக்கொண்டார். "எங்கம்மாவுது. மொட்டை போட்டு, சந்தனம் காயறதுக்குள்ள நான்தான் கட்டிவிட்டேன். அன்னிக்கே மூச்சு வாங்கிச்சு. அவசரமா வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இதை மறந்துட்டோம். அப்புறம் அந்தப் பக்கம் வர எனக்கு மனசே வரல" என்றார். பிறகு, "நல்லாத்தான் தொவச்சிருக்கீங்க" என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னார். அதைக் கேட்டு அம்மா சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அவர் கறை இருந்த மூலையைக் கட்டைவிரலால் தடவியபடியே இருந்தார். அங்கே ஒன்றுமில்லை, அவ்வளவு சுத்தம். அதற்குப் போய் ஏன் கண் கலங்குகிறார் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

அன்று முழுக்க எனக்கு ஒரே கவலைதான். அவ்வளவு பக்கத்தில் இருந்தும், அந்தச் சிங்கப் போரில் யார் ஜெயித்தார்கள் என்று அவரைக் கேட்க மறந்துவிட்டேனே.