பிள்ளையாராணை அறுபது ரூபா

பிள்ளையார் மீது நான் ஒரே ஒரு முறைதான் பொய்ச்சத்தியம் செய்திருக்கிறேன். அதுவும் பால் விலைக்காக. அந்தச் சத்தியத்துக்குத் தண்டனையாகத்தான் என் வலது கண்ணில் கட்டி வந்தது என்று பல வருடங்கள் உறுதியாக நம்பியிருந்தேன்.

கிளிநொச்சிப் பக்கத்தில், குளத்து வாய்க்கால் ஒன்று ஊரை இரண்டாகப் பிரித்துக்கொண்டு ஓடுகிற குடியேற்றத் திட்டம் எங்களுடையது. இந்தக் கரையில் எங்கள் வீடு, அந்தக் கரையில் அம்மாவின் தமக்கை, அதாவது என் பெரியம்மா வீடு. இரண்டுக்கும் நடுவே வாய்க்காலைக் கடக்க, சின்னப் பாலம்போல ஒரு மதகு. எனக்கு அப்போது பத்து வயது. இடம்பெயர்ந்து அலைந்தவர்கள் திரும்பி வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அப்பாவுக்கு வயல், ஆனால் வயல் காசு அறுவடைக்கு மட்டும்தான் வரும். மற்ற நாட்களில் வீட்டு அடுப்பை எரித்தது அம்மாவின் மாடு.

மாடு ஒன்று, நாகு ஒன்று. நாகு என்றால் இன்னும் கன்று போடாத இளம் பசு. நெற்றியில் வெள்ளைப் பொட்டு இருந்ததால் அதற்குச் சுட்டி என்று பெயர். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது என் புத்தகப்பையை நக்குவதற்கென்றே வாசல் படலையடியில் நிற்கும். ஒரு மாட்டை இரண்டு மாடாக்க வேண்டும் என்பது அம்மாவின் பெரிய ஆசை. ஆனால் சுட்டி கன்று போட இன்னும் ஒரு வருடம் கிடந்தது. அதுவரை ஒரு சொட்டுப் பால் தராமல் புண்ணாக்கு மட்டும் தின்னும். அந்தப் புண்ணாக்குக் காசு தாய்மாட்டின் பாலிலிருந்துதான் வர வேண்டும். பால் லீற்றர் அறுபது ரூபா போனால் வரும், ஐம்பது ரூபா போனால் வராது. “விலை ஏறாட்டி மழைக்கு முதல் சுட்டியைக் குடுக்கத்தான் வேணும்,” என்று அப்பா சொல்லிவிட்டார். அம்மா மறுபேச்சுப் பேசவில்லை. அம்மா பேசாமல் இருந்தால் அது பெரிய விஷயம்.

ஊருக்கு இரண்டு பேர் பால் எடுக்க வந்தார்கள். இருவரும் மோட்டார் சைக்கிளில் பெரிய பால்கான்களைக் கட்டிக்கொண்டு வந்து, வீடு வீடாக வாங்கி, நகரத்துக்குக் கொண்டுபோய் விற்பவர்கள். ஒருவருக்குப் பெரிய மீசை. மற்றவர் வெயில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தொப்பி போட்டிருப்பார். அதனால் ஊர் முழுக்க மீசைக்காரர், தொப்பிக்காரர் என்றே பெயர். முதலில் இருவரும் இரண்டு கரைக்கும் வருவார்கள். மீசைக்காரர் ஐம்பத்தைந்து என்றால் தொப்பிக்காரர் ஐம்பத்தாறு என்பார். அம்மா படலையில் நின்று சிரித்துச் சிரித்து இன்னும் ஒரு ரூபா ஏற்றுவா.

பிறகு ஒருநாள் தொப்பிக்காரர் எங்கள் கரைக்கு வருவதை நிறுத்தினார். அடுத்த கிழமை மீசைக்காரர் விலையை ஐம்பதாக்கினார். அம்மா நேரே மதகடிக்குப் போய்த் தொப்பிக்காரரை மறித்தா. என்னையும் கூட்டிக்கொண்டுதான் போனா.

“தம்பி, எங்கடை பாலையும் எடுத்துக்கொண்டு போங்கோவன்.”

“இல்லையக்கா, அந்தக் கரை மீசைக்காரருக்கு. நான் வந்தால் பிழை. எல்லாத்துக்கும் ஒரு ஒழுங்கு இருக்குத்தானே?”

அவர் அதைச் சொன்ன மரியாதையைப் பார்த்து, அது அரசாங்கச் சட்டம் என்றே நான் நினைத்தேன். எந்தப் பிள்ளை எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும் என்று இருப்பதுபோல, எந்த மாட்டின் பால் எந்த மோட்டார் சைக்கிளில் போக வேண்டும் என்றும் கச்சேரியில், அரசாங்க அதிபரின் அலுவலகத்தில், எழுதி வைத்திருப்பார்களாக்கும் என்று எனக்குள் ஒரு எண்ணம்.

அந்தக் கரையிலும் ஐம்பதுதான். ஆனால் அது எங்களுக்குத் தெரியாது. ஏனென்றால் அம்மாவும் பெரியம்மாவும் கதைப்பதில்லை. பெரியம்மாவின் மகள் பெரியபிள்ளையானபோது நடந்த சாமத்தியவீட்டு வீடியோவில், அம்மா பலகாரத்தட்டு ஏந்திக்கொண்டு வந்த இடத்தை வீடியோக்காரன் வெட்டிவிட்டான். வெட்டியவன் அவன். ஆனால் அம்மா கோபித்துக்கொண்டது தமக்கையுடன். “நாலு நாள் நெருப்புக்குள்ள நிண்டு பயித்தம் பணியாரம் சுட்டது என்ரை கை. வீடியோவிலை என்ரை கைகூட வரேல்லை,” என்று ஊரில் கேட்காதவர்களுக்கும் சொல்லித் திரிந்தா. பெரியம்மாவும் லேசுப்பட்டவ அல்ல. வந்து ஒரு வார்த்தை சமாதானம் சொல்லாமல் அங்கேயே இருந்துவிட்டா. பெரியவர்களுக்குத்தான் கோபம், பிள்ளைகள் போய்வரலாம் என்பது ஒப்பந்தம். அதனால் கறிவேப்பிலையும் செய்தியும் கொண்டு மதகைக் கடக்கிற வேலை எனக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எனக்குத் தலை இழுத்துப் பின்னிவிட்டு அம்மா சொன்னா: “பால் என்ன விலை போகுதெண்டு பெரியம்மா கேட்டால் அறுபது எண்டு சொல்லு.”

“அம்பதுதானேயம்மா?”

“சொன்னதைச் சொல்லடி. அவவுக்கு முன்னால நாங்கள் இளப்பமே?”

பெரியம்மா கேட்டா. நான் அறுபது என்றேன். அவவின் கண் என் முகத்தைத் துளைத்தது. “உண்மையா? பிள்ளையாராணை?” என்றா. பின்வாங்க வழியில்லை. “பிள்ளையாராணை” என்று சொல்லிவிட்டேன். பெரியம்மா கொஞ்ச நேரம் குசினிக்குள் பாத்திரங்களை உருட்டினா. பிறகு வெளியே வந்து, “எங்களுக்கு அறுபத்தைஞ்சு தாறாங்கள் எண்டு கொம்மாட்டைச் சொல்லு,” என்றா. நான் அதையும் சுமந்துகொண்டு மதகைக் கடந்தேன். அது பொய்யாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பெரியம்மா பொய் சொல்லுவா என்று யார் நினைத்தது?

அம்மாவும் நினைக்கவில்லை. இரவு முழுக்கப் புரண்டா. விடிய மீசைக்காரர் படலையில் வந்து நின்றதும் பால்வாளியைப் பின்னால் மறைத்துக்கொண்டா.

“அக்கரையிலை அறுபத்தைஞ்சாம். நாங்கள் என்ன, வாய்க்கால் தண்ணியே ஊத்துறம்?”

“ஆரக்கா சொன்னது?”

“என்ரை அக்கா சொன்னவா. அவ பொய் சொல்ல மாட்டா.”

ஆறு மாதம் முகம் பார்த்துக் கதைக்காத தமக்கைக்கு அம்மா அன்றைக்குக் கொடுத்த நற்சாட்சிப் பத்திரம் அது. பக்கத்து வளவுகளிலும் செய்தி பரவியது. மத்தியானத்துக்குள் எங்கள் கரைப் பெண்கள் எல்லாரும் அறுபத்தைந்து கேட்டார்கள். அந்தக் கரையில் பெரியம்மா தொப்பிக்காரரைப் பிடித்து, “என்ரை தங்கச்சிக்கு அறுபதாம், பிள்ளை பிள்ளையாராணை எண்டு சொல்லுது, எங்களுக்கு மட்டும் ஏன் அம்பது?” என்று கேட்டிருக்கிறா. அங்கேயும் ஒருத்தி சொல்லி ஒன்பது பேர் கேட்டார்கள். இரண்டு நாள் ஒருவரும் பால் ஊற்றவில்லை. வீடு வீடாகத் தயிர் உறைந்தது. மூன்று நேரமும் தயிர் தின்று எனக்கு மூக்கொழுகித் தடிமன் பிடித்தது.

மீசைக்காரர் தொப்பிக்காரரைச் சந்தேகித்தார். தொப்பிக்காரர் மீசைக்காரரைச் சந்தேகித்தார். ‘என்னட்டை அம்பது எண்டு சொல்லிப்போட்டு, தான் களவாய் ஏத்திக் குடுக்கிறான்’ என்று இருவரும் ஒரே மாதிரி நினைத்திருக்கிறார்கள். மீசைக்காரர் ஐம்பத்தைந்தாக்கினார். தொப்பிக்காரர் அறுபதாக்கிக்கொண்டு, ஒழுங்கையும் மறந்து, மதகைத் தாண்டி எங்கள் கரைக்கே வந்துவிட்டார். வந்தவர் அம்மாவுக்கு மூடியோடு ஒரு பிளாஸ்ரிக் வாளி கொடுத்தார். மீசைக்காரர் அடுத்த நாள் இரண்டு வாளி கொடுத்தார். மூன்றாம் கிழமை பால் எழுபது ரூபா போனது.

அம்மா இரண்டு மூட்டை புண்ணாக்கு இறக்கினா. சுட்டியின் கழுத்துக்குப் புதுக் கயிறும் மணியும் வந்தன. “சுட்டி நிக்கும்,” என்று அப்பாவுக்குக் கேட்கும்படி எனக்குச் சொன்னா. அந்தக் கிழமைகளில் அம்மா பாட்டுப் பாடிக்கொண்டு பால் கறந்தா. அப்படி அவவை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

இப்படி எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் ஒரு காலையில் மதகின் மேல் இருவரும் சண்டை பிடித்தார்கள். “பொய்யன்!” “நீதான்ரா துரோகி!” என்று சேட்டுக் கொலரைப் பிடித்து உலுப்பியதில் ஒரு பால்கான் சரிந்து வாய்க்கால் வெள்ளையாகப் போனது. பள்ளிக்கூடம் போகிற வழியில் நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். யார் சொன்ன பொய்யால் இது வந்தது என்று எனக்கல்லவா தெரியும்! அடுத்த நாள் எழும்பும்போது வலது கண் இமை வீங்கி, சிவந்து, திறக்க முடியாமல் இருந்தது. பிள்ளையார் தாமதிக்காமல் வேலையைத் தொடங்கிவிட்டார் என்று தெரிந்தது. முதலில் வலது கண், பிறகு இடது கண், பிறகு நான் குருடு. யார் என்னை மதகு கடத்திவிடுவார்கள்?

அம்மாவிடம் சொல்ல முடியாது, பொய் சொல்லச் சொன்னதே அவதான். பெரியம்மாவிடம் சொன்னால் அம்மாவின் மானம் போகும். யோசித்துப் பார்த்தேன். சண்டை பிடித்தவர்களிடம் சொல்வதுதான் நியாயமாகப் பட்டது.

பள்ளிக்கூடம் விட்டு வரும்போது மதகின் அந்தத் தொங்கலில் தொப்பிக்காரர், இந்தத் தொங்கலில் மீசைக்காரர், ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் மதகின் நடுவில் நின்று அழத் தொடங்கினேன். இருவரும் ஓடி வந்தார்கள்.

“என்ன பிள்ளை? மாடு முட்டினதே?”

“அப்ப எங்களுக்கு ஒருத்தரும் அறுபது தரேல்லை. அம்மா சொல்லச் சொன்னவா. நான் பெரியம்மாட்டைப் பிள்ளையாராணை எண்டு சொல்லிப்போட்டன், அதைக் கேட்டுத்தான் அவ அறுபத்தைஞ்சு எண்டவா. நீங்கள் ரெண்டு பேரும் பொய்யர் இல்லை. சண்டை பிடிக்காதேங்கோ.”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தொப்பிக்காரர் என்னைத் திரும்பவும் முதலிலிருந்து சொல்லச் சொன்னார். சொன்னேன். மீசைக்காரர் முதலில் சிரித்தார். பிறகு தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். மீசைக்காரர் அவருடைய முதுகில் ஓங்கி அடித்து, “மச்சான், பொம்பிளையள் எங்களை நல்லாய்ப் பேய்க்காட்டிப்போட்டாளவை!” என்றார். அந்த நேரம் மணி அடித்துக்கொண்டு ஐஸ்பழ வான் வந்தது. “உண்மை சொல்லுற பிள்ளைக்கு,” என்று இருவருமாகச் சேர்ந்து சிவப்பு ஐஸ்பழம் ஒன்று வாங்கித் தந்தார்கள். சமாதானம் செய்துவைத்த பெருமையோடு அதைச் சூப்பிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அம்மா சுட்டிக்கு வைக்கோல் போட்டுக்கொண்டு நின்றா. என் சிவந்த நாக்கைப் பார்த்து, “ஆரடி ஐஸ்பழம் வாங்கித் தந்தது?” என்றா.

“மீசை மாமாவும் தொப்பி மாமாவும். ரெண்டு பேரும் இப்ப கோபமில்லையம்மா.”

அம்மாவின் கையில் வைக்கோல் அப்படியே நின்றது. என்னைப் பார்த்தா. பிறகு சுட்டியைப் பார்த்தா. “வாயைக் கழுவிப்போட்டு வா,” என்று மட்டும் சொன்னா. நான் வந்ததும் மடியில் இருத்தி, தன் விரலை உள்ளங்கையில் தேய்த்துத் தேய்த்துச் சூடாக்கி என் கண் கட்டியில் ஒற்றினா. அதற்கு முன்னும் அப்படிச் செய்திருக்கிறா. அன்றைக்குத்தான் வெகுநேரம் செய்தா.

மூன்று நாளில் கண் சுகமானது. பிள்ளையார் மன்னித்துவிட்டார். அடுத்த கிழமை தொப்பிக்காரர் தன் கரைக்குத் திரும்பிப் போனார், பால் ஐம்பது ரூபாவானது. முதல் மழைக்கு முன்னால் பெட்டி பூட்டிய ஒரு லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம் வந்து சுட்டியை ஏற்றிக்கொண்டு போனது. புதுக் கயிறோடும் மணியோடும்தான் போனது. நான் படலையில் விழுந்து அழுதேன். சுட்டி அதிகம் தின்றதால்தான் விற்றார்கள் என்று நினைத்து, அதனிடம் கோபமும் பட்டேன்.

சுட்டி போன செய்தி கேட்டு அன்று பின்னேரம் பெரியம்மா முதன்முதலாக மதகைக் கடந்து வந்தா. அக்காவும் தங்கையும் கட்டிப்பிடித்து அழுதார்கள். அழுது முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போதுதான் ஒருவருக்கொருவர் உண்மையான விலையைச் சொன்னார்கள். பிறகு இருவரும் சிரித்த சிரிப்பில் பெரியம்மாவுக்குப் புரைக்கேறியது. அடுத்த வருடம் இரண்டு கரைப் பெண்களும் சேர்ந்து, மதகடியில் ஒரே இடத்தில் பாலைச் சேர்த்து, விலை பேசித் தாங்களே நகரத்துக்கு அனுப்பத் தொடங்கினார்கள். மீசைக்காரர் வந்து, “எல்லாரும் கூடி ஒரு விலை வைக்கிறது எந்த ஊர் நியாயமக்கா?” என்று மனம் நொந்து கேட்டார். அம்மா அவருக்கும் தேத்தண்ணி கொடுத்துத்தான் அனுப்பினா.

ஐஸ்பழத்தையும் சுட்டியையும் நான் ஒன்றாக வைத்துப் பார்த்ததே இல்லை. கம்பசில் வணிகம் படித்தபோது, ஒரு நாள் விரிவுரையாளர் வாங்குகிறவர்கள் தங்களுக்குள் கூடி விலை வைப்பதையும் இடம் பிரிப்பதையும் பற்றிச் சொன்னார். அதைத் தடுக்கச் சட்டங்கள் இருக்கின்றனவாம். ஆனால் அப்படிப்பட்ட கூட்டுகள் பெரும்பாலும் சட்டத்தால் உடைவதில்லையாம், ஒருவர்மேல் ஒருவருக்கு வரும் சந்தேகத்தால்தான் உடையுமாம். அந்தச் சந்தேகத்தை யாராவது தீர்த்துவைத்தால் கூட்டு முன்னையைவிட இறுகிவிடும் என்றார். மற்றவர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் பேனையை வைத்துவிட்டு வலது கண்ணைத் தடவிக்கொண்டு இருந்தேன்.

அந்தச் சனிக்கிழமையே வீட்டுக்குப் போனேன். அம்மா பால் கறந்துகொண்டிருந்தா. பக்கத்தில் குந்தி இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். மதகில் அழுதது, உண்மை சொன்னது, ஐஸ்பழம், சுட்டி போனதற்குக் காரணம் நான்தான் என்பது.

அம்மா கறப்பதை நிறுத்தவில்லை.

“எனக்கு அண்டைக்கே தெரியும்,” என்றா.

“தெரிஞ்சும் ஏனம்மா எனக்கு ஒரு அடி போடேல்லை? ஒரு வார்த்தை பேசக்கூட இல்லையே?”

“பொய் சொல்லச் சொல்லி உன்னை அனுப்பினது நான். நீ உண்மையைச் சொல்லிப்போட்டு அவ்வளவு சந்தோசமாய் வந்து நிக்கிறாய். அதுக்கு எப்பிடியடி உன்னை அடிக்கிறது?”

வாளி நிறைந்ததும் எழுந்து, ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, என் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி வலது கண்ணைப் பார்த்தா. நான் அதைத் தடவித் தடவிச் சிவக்க வைத்திருந்தேன். அம்மா விரலை உள்ளங்கையில் தேய்க்கத் தொடங்கினா.